அக்காவின் நேர்த்திக்கடனும் வாடகைக் காரின் கணக்கும்

நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் தரிசிக்க வரும் குடும்பங்களில் பலர், இப்போது முன்பின் அறியாத ஒருவருடைய சொந்தக் காரைக் கைப்பேசிச் செயலி வழியாக வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டி வருகின்றனர். காருக்கு உரியவர் ஒருவர். ஓட்டிச் செல்பவர் மற்றொருவர். இருவரையும் இணைத்து இருபுறமும் தன் பங்கைப் பெற்றுக்கொள்வது இடையில் உள்ள நிறுவனம். இதில் நன்மை இல்லாமல் இல்லை. உச்சிகால பூஜை முடிந்து நடை சாத்திவிட்டால், மாலை 4 மணி வரை மரநிழலில் காத்திருக்கலாம். ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்ப்பாரே என்ற கூச்சம் இராது. வயது முதிர்ந்தோர் இருக்கும் குடும்பத்துக்கு அது பெரிய சௌகரியம். ஆயினும், அந்தக் காருக்கு ஆகும் செலவு எவ்வளவு என்பது காரைத் திருப்பிக் கொடுத்த பின்னரே தெரியவருகிறது. அதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

சென்னையில் மகனுடன் வசிக்கும் என் அக்காவுக்கு 74 வயது. பேத்தி டெங்கு காய்ச்சலால் மருத்துவமனையில் கிடந்தபோது, குழந்தை நலமாக வீடு திரும்பினால் ஒன்பது கிரகத் தலங்களுக்கும் வந்து தீபம் ஏற்றுவதாக வேண்டிக்கொண்டார். முழுச் செலவும் தமது குடும்ப ஓய்வூதியத்திலிருந்தே ஆக வேண்டும் என்பதும் அந்த வேண்டுதலின் ஒரு பகுதி. "காருக்கு 6,300, பெட்ரோலுக்கு ஒரு 6,000 ஆகும் அம்மா" என்று மகன் கூற, அக்கா 15,000 ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து அவனிடம் கொடுத்தார். மீந்தால் கோவில் உண்டியலில் சேர்க்கும்படியும் சொன்னார்.

சென்ற தை மாதம் வந்தார்கள். இரண்டு இரவுகள் கும்பகோணத்தில் என் இல்லத்தில் தங்கினர். சூரியனார்கோவில், கஞ்சனூர், திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், வைத்தீஸ்வரன் கோவில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு என ஒன்பது தலங்களிலும் நிறைவான தரிசனம். அக்கா சில நாட்கள் என்னுடன் இருக்க, மகன் மனைவி குழந்தையுடன் சென்னை திரும்பினான்.

இரண்டு வாரம் கழித்து அக்காவை அழைத்துச் செல்ல வந்தவன், கூடத்தில் என் அருகே அமர்ந்து தாழ்ந்த குரலில், "மாமா, இதைக் கொஞ்சம் பாருங்கள், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்" என்று சில தாள்களை நீட்டினான். 35 ஆண்டுகள் வங்கியில் பிறர் கணக்கைப் பார்த்தே பழகிய கண்கள். தாளை வாங்கியதும் பென்சிலையும் எடுத்துக்கொண்டேன்.

விளம்பரத்தில் இருந்தது நாளொன்றுக்கு ரூ.2,100, மூன்று நாளுக்கு ரூ.6,300. பணம் செலுத்தும் பக்கத்துக்கு வந்தபோது பயணப் பாதுகாப்புக் கட்டணம் ரூ.1,050, வசதிக் கட்டணம் ரூ.449, வரி ரூ.1,404 ஆகியவை சேர்ந்து அது ரூ.9,203 ஆகியிருந்தது. இது சாவி கைக்கு வருவதற்கு முன்பான கதை. திரும்பக் கிடைக்கும் என்ற பெயரில் ரூ.3,000 வைப்புத்தொகை தனி.

காரை ஒப்படைத்த பின் வந்த பட்டியல் இது. அனுமதித்த 720 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய 186 கிலோமீட்டருக்கு, கிலோமீட்டர் 12 ரூபாய் வீதம் ரூ.2,232. தாம்பரம் நெரிசலில் சிக்கித் தாமதமானதற்கு ரூ.750. ஃபாஸ்டேக் வழியே கழிந்த சுங்கம் ரூ.640. மாநில எல்லை கடந்ததற்கு ரூ.1,000. உட்புறத் துப்புரவுக்கு ரூ.800. பின் பம்பரில் கீறலுக்கு ரூ.4,500. ஆக மொத்தம் ரூ.19,125. பெட்ரோல் ரூ.6,080 சேர்த்தால் ரூ.25,205. வைப்புத்தொகையைப் பிடித்துக்கொண்டு, எஞ்சியதையும் வசூலித்துவிட்டார்கள். அக்கா கொடுத்த 15,000 போக மீதி முழுவதையும் மகன் தன் கையிலிருந்து கட்டிவிட்டு வாய் திறவாமல் இருந்திருக்கிறான்.

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சுங்கம் நியாயம், நாம் கடந்த சாலைக்கு நாம்தான் தர வேண்டும். அதிகக் கிலோமீட்டரும் நியாயமே. சென்னையிலிருந்து கும்பகோணம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். போய்வரவே 600 ஆகிவிட்டால், ஒன்பது தலங்களை எஞ்சிய 120-க்குள் சுற்றிவர இயலாது. அளவு எழுத்தில் இருந்தது. தாமதக் கட்டணத்தையும் மறுக்க மாட்டேன். அடுத்தவர் அந்தக் காருக்காகக் காத்திருந்திருக்கக் கூடும்.

எல்லைக் கட்டணம்தான் என்னை நிறுத்தியது. திருநள்ளாறு காரைக்கால் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே புதுச்சேரி யூனியன் பிரதேசம். காவிரிக் கரை மக்களாகிய நமக்கு அது பக்கத்து ஊர்க் கோவில். சனீஸ்வரரைத் தரிசிக்கச் செல்பவர் எவரும் வேறு மாநிலம் செல்வதாக நினைப்பதில்லை. காரில் பொருத்திய ஜி.பி.எஸ். கருவிக்கோ எல்லைக்கோடு மட்டுமே தெரியும். முன் அனுமதி பெறாமல் மாநிலம் கடந்தால் கட்டணம் உண்டென்று ஒப்பந்தத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. முன்பதிவின்போது எந்த ஊர்களுக்குச் செல்கிறீர்கள் என்று ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை.

துப்புரவுக் கட்டணத்துக்குச் சான்றாக ஒரு படம் இணைத்திருந்தார்கள். இருக்கையின் கைப்பிடியில் விபூதி, கீழே நான்கைந்து சாமந்தி இதழ்கள், மிதியடியில் நல்லெண்ணெய்த் துளி ஒன்று. கோவிலுக்குப் போன கார் வேறு எப்படி இருக்கும்!

வசதிக் கட்டணம் என்ற சொல்லை நான் சற்று உரக்க வாசித்துவிட்டேன் போலும். "யாருடைய வசதிக்கு, தம்பி?" என்று அடுக்களை வாசலிலிருந்து குரல் வந்தது. அக்கா எவ்வளவு நேரமாக அங்கே நின்றிருந்தார் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

அவர் கோபிக்கவில்லை. மொத்தம் எவ்வளவு என்று கேட்டார், சொன்னேன். தாம் கொடுத்தது எவ்வளவு என்று தாமே சொல்லிக்கொண்டார். மகனைப் பார்த்து, "நேர்த்திக்கடன் எனக்கும் அவருக்கும் உள்ள கணக்கு. அதில் உன் கையெழுத்து எதற்கு?" என்றார். "அம்மா, பத்தாயிரம்தானே" என்று அவன் தொடங்கியபோது எழுந்து பூஜையறைக்குள் சென்றுவிட்டார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. மகனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் மீது எனக்குக் குறை இல்லை. தாய் மனம் நோகக் கூடாதென்று செய்தான். ஆனால் அந்த 10,205 ரூபாய் அவருடைய வேண்டுதலில் விழுந்த ஓட்டை. முதல் நாளே இருபதாயிரத்துக்கு மேல் ஆகும் என்று கூறியிருந்தால், அவர் இன்னும் சில மாதம் சேமித்து வந்திருப்பார். அல்லது ரயிலில் வந்து இங்கே ஒரு வண்டியை அமர்த்தியிருப்பார். கும்பகோணத்து ஓட்டுநர்கள் ஒன்பது தலத்துக்கும் சேர்த்து ஒரு தொகையைச் சொல்லி, சுங்கம் தனி, பேட்டா தனி என்பதை வண்டியில் ஏறுமுன் வாயாலேயே கூறிவிடுவார்கள். பேரம் பேசலாம், வேண்டாமென்றும் போகலாம்.

விலையைச் சொட்டுச் சொட்டாக வெளியிடும் இந்த வழக்கத்தை நம் நாட்டுச் சட்டமும் அறியும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், இணைய வணிகத்தில் மக்களைத் திசைதிருப்பும் 13 வகை உத்திகள் குறிப்பிடப்பட்டுள்ளன. விலையின் கூறுகளை முதலில் மறைத்துப் பின்னர் காட்டுவதும் அவற்றுள் ஒன்று. வங்கித் துறையில் ரிசர்வ் வங்கி இன்னும் ஒரு படி மேலே சென்றது. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன் வழங்கும் வங்கி, எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதத்தை ஒரே தாளில் எழுதித் தர வேண்டும்; அத்தாளில் இல்லாத கட்டணத்தைக் கடன் பெற்றவரின் வெளிப்படையான சம்மதமின்றிப் பின்னர் வசூலிக்கலாகாது. நான் பணியில் இருந்த காலத்தில் பரிசீலனைக் கட்டணம், ஆவணக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாடிக்கையாளர் முகம் சுருங்குவதைக் கண்டிருக்கிறேன். அந்த ஒற்றைத் தாள் கார் வாடகைக்கும் வர வேண்டும் என்பதே என் விருப்பம்.

பாதுகாப்புக் கட்டணம் என்றதும் காப்பீடு என்று பலர் எண்ணுகிறார்கள். ஒப்பந்தத்தைப் படித்தால், சேதம் நேரும்போது நம் பொறுப்புக்கு ஒரு மேல்வரம்பு வைக்கும் ஏற்பாடே அது. அந்த வரம்பு வரை நாம்தான் தர வேண்டும். அந்தக் காரின் எண் பலகை வெள்ளை நிறம். சுயமாக ஓட்ட வாடகைக்கு விடப்படும் பதிவுபெற்ற காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கு உரியது. வாடகைக்கு ஓடும்போது விபத்து நேர்ந்தால், தனியார் கார் பாலிசியின்கீழ் இழப்பீட்டை மறுக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்கு இடம் உண்டு. பட்டியலில் ஒரு வரியாகக்கூட இடம்பெறாத இந்தச் செலவு, மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியதாக ஆகியிருக்கக் கூடும். பகவான் அருளால் எதுவும் நேரவில்லை.

மிஞ்சியது கீறல். காரை எடுத்த அன்று, விடியற்காலை வெளிச்சத்தில், அக்காவின் மகன் காரைச் சுற்றிவந்து கைப்பேசியில் படம் பிடித்திருந்தான். பின் பம்பரின் இடப்பக்கம் அதே கீறல், தேதியும் நேரமும் சேர்ந்து, அதில் தெளிவாக இருந்தது. நான் ஒரு கடிதம் எழுதினேன்: பதிவு எண், தேதி, படம், கேட்கும் தொகை, அவ்வளவுதான். ஆத்திரச் சொல் ஒன்றுகூட இல்லை; ஆத்திரத்தைப் படிப்பவர் கணக்கைப் படிப்பதில்லை. நிறுவனத்திடமிருந்து எந்திரத்தனமான பதில் இருமுறை வந்தது. பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தோம். பங்குனியில் ரூ.4,500 திரும்ப வந்தது. துப்புரவுக் கட்டணமும் எல்லைக் கட்டணமும் வரவில்லை. அவற்றை நான் மேலும் வற்புறுத்தவில்லை.

காருக்கு உரியவர் மாதத் தவணையில் கார் வாங்கிய இளைஞராம். முன்பு எடுத்துச் சென்ற எவரோ கீறிவிட்டுச் சொல்லாமல் போயிருக்கலாம். அவரும் ஒருவகையில் ஏமாந்தவரே.

பணம் வந்த செய்தியைத் தொலைபேசியில் அக்காவிடம் கூறினேன். பேனா எடுத்துவரச் சொல்லிப் பேத்தியிடம் எழுதச் செய்தார்: 25,205-இல் 4,500 போக 20,705. தாம் கொடுத்தது போக மகனுக்குத் தர வேண்டியது 5,705. மகன் எவ்வளவோ மறுத்தும் கேட்கவில்லை. சித்திரை தொடங்கி மாதம் 1,000 ரூபாயை ஓய்வூதியம் வந்த அன்றே அவன் கையில் கொடுத்து, பேத்தியின் நோட்டில் வரவு எழுதச் சொன்னார். புரட்டாசி முதல் வாரத்தில் கடைசி 705 ரூபாயைக் கொடுத்துவிட்டு எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். அடுத்த சனிக்கிழமை திருநள்ளாற்றில் தம் பெயரில் ஓர் அர்ச்சனை செய்ய வேண்டும் என்றும், சீட்டுக்கு எவ்வளவு என்று பலகையைப் பார்த்து முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்றும் கூறினார்.