மீதி 90

பிள்ளைகளிடம் நாம் பேசும் தமிழ் பெரும்பாலும் 'சாப்பிடு, தூங்கு, டிவியை அணை' ரகம்தான். தில்லிக்கு வந்து பத்து வருஷமாகிறது, எங்கள் வீட்டிலும் அதே கதை. ஏழாவது படிக்கும் என் பெண்ணுக்குக் கணக்கு ஆங்கிலத்தில், விளையாட்டு இந்தியில். அதனால் தமிழில் கணக்குப் போட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதியே ஆகவேண்டும்.

வாடகை வீட்டு வராந்தாவில் பழைய காலத்துத் தரை. வெள்ளை எண்கோண டைல்கள், நடுநடுவே குட்டிக் கறுப்புச் சதுரம். "இந்தச் சதுரம் எதுக்குப்பா?" என்றாள்.

ஒரு முனையில் கூடும் கோணங்கள் சேர்ந்து 360 டிகிரி வரவேண்டும். பக்க எண்ணிக்கையில் இரண்டைக் கழித்து 180ஆல் பெருக்கினால் உட்கோணங்களின் மொத்தம். ஒழுங்குப் பல்கோணமாக இருந்தால் அதைப் பக்கங்களால் வகுத்தால் போதும். முக்கோணம் 60, சதுரம் 90, அறுகோணம் 120. மூன்றும் 360ஐ மீதியில்லாமல் வகுக்கும். தரை தானாக மூடிக்கொள்ளும். ஐங்கோணம் 108, மூன்று வைத்தால் 36 டிகிரி இடுக்கு. அறுகோணத்தைத் தாண்டினால் கோணம் 120க்கு மேல், 180க்குள். ஈவு இரண்டுதான், மீதி கட்டாயம் உண்டு.

எண்கோணத்துக்கு 135. அவள் கால்குலேட்டரைத் தட்டி 2.666 என்றாள். இதில் எனக்கு ஒரு பழைய கோபம். சின்ன வகுப்பில் ஈவு, மீதி என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, தசமப்புள்ளி வந்ததும் மீதியைக் கைகழுவிவிடுகிறார்கள். 2.666ஐப் பார்த்தால் அங்கே எந்த டைல் வைப்பதென்று தெரியுமா? பேப்பரில் வகுக்கச் சொன்னேன். ஈவு 2, மீதி...

"மீதின்னா நேத்து சாம்பார்தானே?" (சிரிப்பு வேறு.) "தொண்ணூறு! அப்போ சதுரம்!"

'எண்கோணம்' அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பெயருக்குள்ளேயே எட்டு இருக்கிறதே.

சாயங்காலம் முழுக்க அட்டையும் கத்தரிக்கோலும்தான். பன்னிரண்டு பக்கத்துக்குக் கோணம் 150, மீதி 60. முக்கோணம் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒன்பது பக்கம் படுத்தியது. மீதி 80, அந்தக் கோணத்தில் ஒழுங்குப் பல்கோணமே கிடையாது.

அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து போன். "ஆச்சி, மீதி எண்பது வருது, என்ன பண்றதுன்னே தெரியலை!"

"எந்தக் கடையில கண்ணு? எண்ணி வாங்கினியா?" :-)