சூடேறாத ஆம்ப்ளிஃபயரின் உள்ளே

விழுப்புரம் – புதுச்சேரி சாலையில் இருக்கும் கண்டமங்கலம் வட்டாரத்தில் ஆடி பிறந்துவிட்டால் மைக் செட்காரர்களுக்கு ஓய்வில்லை. கூழ் ஊற்றுவது, தீமிதி, விடிய விடியத் தெருக்கூத்து என்று ஒன்று முடிய ஒன்று வரும். அந்த மாதத்தில் எரிந்துபோகும் ஆம்ப்ளிஃபயர்களுக்கு உயிர் கொடுக்கும் ஒரு சிறு பட்டறையில் போய் உட்கார்ந்தேன்.

மேசையில் மூடி திறந்து கிடந்தது ‘கிளாஸ் டி’ ஆம்ப்ளிஃபயர். “பழைய செட்டைத் தூக்க ரெண்டு ஆள் வேணும் சார். இதை ஒத்தக் கையில தூக்கிடலாம்” என்றார் மெக்கானிக். பழையதில் கனத்த டிரான்ஸ்பார்மர் இருக்கும். 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 டிரான்சிஸ்டர்கள் வரிசையாக அமர்ந்த பெரிய ஹீட்சிங்கும் இருக்கும். அந்த டிரான்சிஸ்டர்கள் பாதி திறந்த நிலையில் வேலை செய்பவை. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் ஒரே நேரத்தில் தாங்குவதால் கொதிக்கின்றன.

புதியதில் இருக்கும் மாஸ்பெட் வகை டிரான்சிஸ்டருக்கு இங்கே பாதி நிலையே கிடையாது. முழுக்கத் திறக்கும், அல்லது முழுக்க மூடும். திறந்திருக்கும்போது தடை மிகச் சொற்பம். மூடியிருக்கும்போது மின்னோட்டமே இல்லை. இரண்டு நிலையிலும் வெப்பம் குறைவு. முழு ஒலியில் 1000 வாட் கொடுக்க, 60 சதவீதத் திறனுள்ள பழைய வகை சுமார் 670 வாட்டை வெப்பமாக வீணாக்கும். 90 சதவீதத் திறனுள்ள இது வீணாக்குவது சுமார் 110 வாட்தான். ஜெனரேட்டரில் ஓடும் திருவிழாவில் அந்த வித்தியாசம் டீசல் செலவில் தெரியும்.

மேல் மாஸ்பெட் பிளஸ் சப்ளையோடும் கீழ் மாஸ்பெட் மைனஸ் சப்ளையோடும் இணைந்திருக்கின்றன. நொடிக்குச் சில லட்சம் முறை இரண்டும் மாறி மாறித் திறக்கின்றன. பாட்டின் அலை பிளஸ் பக்கம் போகும்போது மேலது கூடுதல் நேரம் திறந்திருக்கும்; மைனஸ் பக்கம் போகும்போது கீழது. இரண்டுக்கும் சம நேரம் என்றால் ஸ்பீக்கருக்குப் போவது சுழியம். ஆக, ஒலி இங்கே மின்னழுத்தத்தின் உயரத்தில் இல்லை, நேரத்தின் பங்கீட்டில் இருக்கிறது. அதை மீண்டும் ஒலி அலையாக்குவது வெளியீட்டில் உள்ள காயிலும் கெபாசிட்டரும். 22 மைக்ரோஹென்றி காயிலோடு 0.47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் சேர்ந்தால் சுமார் 50 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதெல்லாம் வடிகட்டப்படும். நம் காது கேட்கும் 20 கிலோஹெர்ட்ஸ் வரை தடையின்றிப் போகும்.

“ரெண்டும் ஒண்ணாத் தொறந்தா டமால்தான்” என்றார் மெக்கானிக். பிளஸ்ஸும் மைனஸும் நேராக மோதிக்கொள்ளும். அதைத் தவிர்க்க, ஒன்று மூடி மற்றொன்று திறக்கும் முன் சில பத்து நானோநொடிகள் இரண்டையும் மூடியே வைக்கிறது, அவற்றை இயக்கும் டிரைவர் ஐசி. இடைவெளி குறைந்தால் மாஸ்பெட் வெடிக்கும். கூடினால் ஒலி கரகரக்கும். இந்த வகையின் தரம் பெருமளவு அந்த நானோநொடிகளில்தான் நிற்கிறது. உத்தி என்னவோ பழையதுதான்: 1964-ல் பிரிட்டனில் சின்கிளேர் நிறுவனம் எக்ஸ்-10 என்ற பெயரில் இப்படியொரு ஆம்ப்ளிஃபயரை விற்றது. அன்றைய டிரான்சிஸ்டர்களுக்கு அந்த வேகம் வரவில்லை. மாஸ்பெட் வந்த பிறகே இது நிலைத்தது.

பழுது பார்ப்பதில் முதல் வேலை, சப்ளை கெபாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை ஒரு பல்பின் வழியே வடித்துவிடுவது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அங்கே 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். பிறகு மல்டிமீட்டரில் பார்த்தார். இரண்டு மாஸ்பெட்டும் ஷார்ட். அவற்றோடு டிரைவர் ஐசியையும் கேட் ரெசிஸ்டர்களையும் சேர்த்தே மாற்றினார். “தம்பி, சீரிஸ் லாம்பைப் போடு” என்றதும் உதவியாளர் குண்டு பல்பின் வழியே மின்சாரம் கொடுத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தபடியே நின்றால் உள்ளே இன்னும் ஷார்ட் இருக்கிறது என்று பொருள். பல்பு ஒருமுறை மின்னி அடங்கியது. அதன் பிறகுதான் ஸ்பீக்கரை மாட்டினார்.

மெக்கானிக் கற்றதெல்லாம் எரிந்த போர்டுகளிடமிருந்துதான். சில போர்டுகளில் ஐசியின் எண்ணையே சுரண்டிவிட்டு விற்கிறார்கள். சர்க்யூட் வரைபடம் கிடைப்பதில்லை. எண் மாற்றி அச்சிட்ட போலி மாஸ்பெட்டுகள் வேறு. தயாரிப்பாளர்கள் வரைபடத்தை வெளியிட வேண்டும். ஐடிஐ பாடத்தில் இந்த வெளியீட்டுப் பகுதியைச் செய்முறையாகவே கற்றுத்தர வேண்டும். ஆம்ப்ளிஃபயர் வாங்குபவர்களும் விலையைக் கேட்கும் முன், பழுதானால் வரைபடம் கிடைக்குமா என்று கேட்க வேண்டும்.