ஊற்றாத நீர்

அறபு மொழியில் பொறுமையைக் குறிக்கும் 'ஸப்ர்' என்ற சொல்லும், கற்றாழையைக் குறிக்கும் 'ஸபிர்' என்ற சொல்லும் ஒரே மூன்றெழுத்து வேரில் அடங்குவன. கசப்பைச் சகிப்பதே பொறுமை என்று மாணவர்க்கு ஆண்டுதோறும் விளக்கி வந்திருக்கிறோம். ஆனால், 'ஸப்ர்' என்பதன் அடிப்படைப் பொருள் தடுத்து நிறுத்துதல் என்பர் அகராதி ஆசிரியர். அப்பொருளின் ஆழத்தை நமக்கு உணர்த்தியது ஒரு செடி.

நம் மகள் தன் கணவருடன் வெளிநாடு புறப்பட்டபோது, முற்றத்து ஓரத்தில் தொங்கவிட்டிருந்த முத்துச்சரச் செடியை நம்மிடம் ஒப்படைத்தாள். "மண்ணைத் தொட்டுப் பாருங்கள் வாப்பா, ஈரம் இருந்தால் ஊற்றாதீர்கள்" என்பதே அவள் சொல்லிச் சென்ற ஒரே விதி.

பச்சை மணிகளை நூலில் கோத்துத் தொங்கவிட்டாற் போன்ற இச்செடியின் தாயகம் தென்னாப்பிரிக்காவின் வறண்ட நிலம். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1968இல் யாக்கோப்சன் என்னும் அறிஞர், ரௌலி என்ற ஆங்கிலேயத் தாவர அறிஞரின் பெயரை இதற்குச் சூட்டினார். மணிகளாய்த் தோன்றுபவை காய்களல்ல, இலைகளே. உருண்டை வடிவில் மேற்பரப்பு குறைவாதலால், உள்ளிருக்கும் நீர் எளிதில் ஆவியாகி விடுவதில்லை. ஒவ்வொரு மணியிலும் கண்ணாடிக் கீற்றைப் போல் ஒரு கோடு உண்டு. அதன் வழியே ஒளி இலையின் உட்புறம் சென்று சேர்கிறது. வாசலைச் சுருக்கிக்கொண்டு சாளரத்தைத் திறந்து வைத்திருக்கும் வீடு அது!

இத்தகைய செடிக்கு வறட்சியைவிடத் தேங்கிய ஈரமே பகை. வேர்கள் ஆழமாகச் செல்லாதவை. எனவே ஆழமற்ற மண்தொட்டி போதும். அடியில் துளையும், மண்ணில் பாதிக்குப் பருமணலும் வேண்டும். தொட்டியின் மேற்பகுதியில் காலை ஒளி படவேண்டும்; நண்பகல் வெயில் ஆகாது. மணிகள் சற்றே சுருங்கித் தளர்ந்தால் தாகம் என்று அறியலாம். அப்போது, அடித்துளை வழியே வடியும்வரை நிறைய ஊற்றி, மண் நன்கு உலரும்வரை கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

கையைக் கட்டிக்கொள்வது ஒரு தாய்க்கு எளிதா? "பிள்ளை வைத்துவிட்டுப் போனது வாடலாமா?" என்று நம் இல்லாள் நாள்தோறும் ஒரு குவளை நீர் வார்த்து வந்தார். அவர் வார்த்தது செடிக்காக மட்டுமன்று என்பதை அறிந்தமையால் நாமும் கடிந்துரைக்கவில்லை. ஐப்பசி மழையின் ஈரக்காற்றும் சேர்ந்துகொள்ள, மணிகள் நீர்க்கோத்துக் குழைந்தன. தண்டின் அடி அழுகிற்று. அன்று அவர் சிந்திய கண்ணீர் ஒரு செடிக்குரியதன்று.

அழுகாத சரங்களை அறுத்தெடுத்து, வெட்டுவாய் உலர இரண்டு நாள் நிழலில் வைத்தோம். பின்னர், உலர்ந்த மணற்கலவையின்மீது வட்டமாகச் சுருட்டிப் படியவைத்தோம். இச்செடி தன் தாய்மண்ணிலும் தரையில் படர்ந்து, தொட்ட இடமெல்லாம் வேர்விடும் இயல்புடையது. சில வாரங்களில் கணுக்கள் வேர்பிடித்தன. ஒரு தொட்டி இரண்டு தொட்டியாயிற்று.

அதன்பின் இல்லாளிடமும் ஒரு மாறுதலைக் கண்டோம். முன்பெல்லாம் தொலைபேசியில் மகளின் குரல் கேட்டவுடன், "எப்போது வருவாய்?" என்பார். மறுமுனையில் அவள் குரல் தேய்ந்துவிடும். ஏதோ வேலையிருப்பதாகச் சொல்லிப் பேச்சை முடித்துக்கொள்வாள். இப்போது அக்கேள்வியை அவர் கேட்பதில்லை. நாவின் நுனிவரை வந்ததை விழுங்கிக்கொள்வதை அருகிலிருந்து காண்கிறோம். மகளோ, தன் சமையலையும் அண்டை வீட்டாரையும் அங்குள்ள குளிரையும் பற்றி நெடுநேரம் பேசுகிறாள். அன்பைக் குறைத்துக்கொண்டவரல்லர் அவர். அது வேரில் தேங்காதபடி பார்த்துக்கொள்கிறார்.

அடுத்த விடுமுறையில் மகள் வரும்போது, அவள் செடியை அவளிடமே ஒப்படைக்க எண்ணியுள்ளோம். மற்றொரு தொட்டி அவளுடைய உம்மாவுக்கு.