தட்டிக்கு அப்பால்

அந்தமானில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்புக்கும் வங்காள வகுப்புக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டிதான் இருந்தது. நாங்கள் ‘ஈரெட்டுப் பதினாறு’ என்று இராகம் இழுத்து ஒப்பிக்கும்போது, அப்பக்கத்துப் பிள்ளைகள் அதே வாய்ப்பாட்டைத் தங்கள் பாஷையில் வேறோர் இராகத்தில் பாடுவார்கள். அர்த்தம் விளங்காமலே அதில் பாதி எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

மணி அடித்துவிட்டால் மைதானம் எல்லோருக்கும் பொது. அங்கே வழங்கியது ஹிந்துஸ்தானி. 1858-இல் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கியபோது, பல பிராந்தியத்தார் கலந்து பேசியதில் வேரூன்றிய பாஷை அது. அவர்களுடைய சந்ததியாரான ‘லோக்கல் பார்ன்’ வீடுகளில்தான் அது தாய்மொழி. தேசப் பிரிவினைக்குப் பின் குடியேறிய வங்காளிகளுக்கும், சோட்டா நாகபுரியிலிருந்து வந்த ராஞ்சிக்காரர்களுக்கும், தெலுங்கு மீனவர்களுக்கும், எங்களுக்கும் இரவல்தான்.

ஒரு நாள் பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று எங்கள் தெருப் பையனும் ஒரு தெலுங்குப் பையனும் மல்லுக்கு நின்றார்கள். கோபம் ஏற ஏற இரவல் மொழி போதாமல், அவன் தெலுங்கிலும் இவன் தமிழிலுமாக வசைமாரி பொழிந்துவிட்டு, இரு பாஷையும் அறிந்த லோக்கல் பார்ன் பையன் ஒருவனைப் பார்த்து, “என்ன சொல்கிறான்?” என்று இருவருமே கேட்டார்கள். “பந்து தாண்டவில்லை என்கிறான், வேறொன்றுமில்லை” என்றான் இவனிடம். அவனிடம், “தாண்டிற்று என்கிறான், அவ்வளவுதான்” என்றான். இரு தரப்பு வசையையும் தன்னோடு நிறுத்திக்கொண்ட அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனின் விவேகத்தை எந்த நீதிபோதனை வகுப்பு கற்பித்திருக்கும்?

2023 ஆகஸ்டில் தமிழகத்தின் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து உடன் படித்த மாணவர்கள் சாதிப் பகையால் வெட்டிய செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த லோக்கல் பார்ன் பையனின் ஞாபகம்தான் வந்தது. அங்கே எல்லோருக்கும் தமிழ் ஒன்றே. எறிந்த சொல் ஒவ்வொன்றும் குறி தவறாமல் தைத்துவிடுகிறது. இடையில் நின்று தாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை. அதன்பின் நியமிக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, சாதி காட்டும் வண்ணக் கயிறுகளை விலக்க வேண்டும், மாணவரை அகர வரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்று 2024-இல் பரிந்துரைத்தது. மனப்பூர்வமாக வரவேற்கிறேன். ஆனால் அகர வரிசை வகுப்பறை வாசலோடு நின்றுவிடும். மைதானத்தில் உத்தி பிரிக்கையில் யாரை யார் கூப்பிடுகிறார்கள், கடைசிவரை கூப்பிடப்படாமல் நிற்கிற பிள்ளை யார் என்பது உடற்பயிற்சி ஆசிரியருக்குத் தெரியும். தலைமையாசிரியர் அவரை வாரந்தோறும் அழைத்து விசாரிக்க வேண்டும். உத்தி பிரிக்கும் உரிமையையும் அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும்.