வௌவால் நத்தி மண்டபம்

கும்பகோணம் பக்கம் போனால் திருவீழிமிழலையைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். வழியெல்லாம் நெல் வயல். கோவிலில் மாப்பிள்ளை சுவாமி தரிசனம். அப்புறம் வௌவால் நத்தி மண்டபம். நடுவில் தூணே இல்லாத வளைவுக் கூரை! வௌவால் தொங்க இடமில்லை.

எல்லாப் பழைய மண்டபமும் இப்படி இருக்குமா? வௌவால் எச்சம் ஊறிய மண்ணில் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை வளரக்கூடும். தூசியோடு மூச்சில் போனால் நுரையீரலைப் பிடிக்கும். நம் நாட்டில் கங்கைச் சமவெளியில்தான் அதிகம். தமிழ்நாட்டில் அபூர்வமாகக் கண்டிருக்கிறார்கள். காய்ச்சல், இருமல், உடம்பு மெலிவது என்று டி.பி. மாதிரியே இருக்கும். ஆனால் டி.பி. மாத்திரைக்குக் கேட்காது; பூஞ்சைக்கென்றே மருந்து உண்டு. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது.

எச்சம் கிடக்கும் இருட்டு மூலையில் குழந்தைகளை விளையாட விடாதீர்கள். இருமல் விடாவிட்டால், எந்தெந்த ஊருக்குப் போனீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.