ஓடாத படமும் ஓயாத கூட்டமும்

படம் ஓடினால்தான் அதன் பெயரில் கட்டும் ராட்டினமும் ஓடும் என்பது எங்களில் ஒரு சாராரின் கட்சி. வசூலில் வென்ற படத்துக்கே கேளிக்கைப் பூங்காவில் இடமுண்டு, தோற்ற படத்தை யார் சீண்டுவார்கள் என்று அவர்கள் அடித்துப் பேசினார்கள். மற்றவர்கள் விடவில்லை. வழக்கு முற்றவே, உண்மை என்னவென்று தேடிப் பார்த்தோம். கண்டதை உங்கள் முன் வைக்கிறோம்.

அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டு 'வாட்டர்வேர்ல்டு' என்றொரு படம் வெளிவந்தது. நிலமெல்லாம் கடலில் மூழ்கிய பிறகு நடக்கும் கதை. அதுவரை வந்த படங்களிலேயே மிகுந்த பொருட்செலவில் எடுத்தது; செலவு 17 கோடி டாலருக்கு மேல். அந்நாட்டுத் திரையரங்குகளில் கிடைத்ததோ 9 கோடிக்கும் குறைவு. ஆனால் அதே ஆண்டில் ஹாலிவுட்டிலுள்ள யுனிவர்சல் பூங்காவில் அப்பெயரில் ஒரு நீர்ச் சாகசக் காட்சியைத் தொடங்கினார்கள். படகுகள் சீறிப் பாயும், தீப்பிழம்பு எழும், ஒரு விமானமே தண்ணீரில் வந்து விழும்! 2001இல் ஜப்பானின் ஒசாகாவிலும், 2010இல் சிங்கப்பூரிலும் அதே காட்சி அரங்கேறியது. சிங்கப்பூரில் நனைந்தபடி கைதட்டிய நம் தமிழ்ப் பிள்ளைகளில் அந்தப் படத்தைப் பார்த்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

டிஸ்னி பூங்காவில் இன்னும் ஒரு வேடிக்கை. 1946இல் வந்த ஒரு படத்தின் கதையைக் கொண்டு 1989இல் நீர்ச்சறுக்குப் பயணம் ஒன்றை அமைத்தார்கள். கறுப்பின மக்களின் துயர வாழ்வைப் பொய்யாக இனிப்பாக்கிக் காட்டியது என்ற கண்டனத்தால் அந்தப் படத்தை 1986க்குப் பிறகு அங்கே திரையிடவே இல்லை. படம் பெட்டிக்குள்; பயணமோ முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது! 2023இல் அதை மூடியதும் கூட்டம் குறைந்ததால் அன்று, கதையிலிருந்த அந்தப் பழுதினால்தான்.

காரணம் எளிது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. படம் நூறு நாள் ஓடும். ராட்டினத்தைக் கட்டவே சில ஆண்டுகள் ஆகும்; கட்டினால் ஒரு தலைமுறை நிற்க வேண்டும். இரண்டரை மணி நேரக் கதையை நாலைந்து நிமிடச் சவாரிக்குள் அடைக்கவும் முடியாது. 'இந்த இடத்துக்குள் நாமும் ஒரு தடவை போய்வர மாட்டோமா' என்று மனம் ஏங்கும்படி ஓர் இடம் அந்தக் கதையில் இருந்தால் போதும். வசூலால் ஒரு பயன் உண்டு, மறுக்கவில்லை. முதலாளிக்குப் பணம் போடத் துணிவு வரும். அதற்கு மேல் அதன் கை நீளாது.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் பக்கத்துக் கொடைக்கானலையே பாருங்கள். தூண்பாறைக்கு அருகேயுள்ள குகைகளுக்கு வெள்ளைக்காரர் 'சாத்தானின் சமையலறை' என்று பெயர் வைத்திருந்தார்கள். 1991 தீபாவளிக்குக் கமலஹாசன் நடித்த 'குணா' வந்தது. அதே நாளில் 'தளபதி'யும் வந்தது. குணா வசூலில் பெரிதாக எழவில்லை. ஆனாலும் சாத்தானின் பெயர் போய் அது குணா குகையாயிற்று! படத்தைப் பார்க்காதவரும் குகையைப் பார்க்க வந்தனர். ஆழம் தெரியாத அந்தப் பிளவுகளில் விழுந்து உயிரிழந்தவர் பலர். 2006இல் கேரளத்து மஞ்சும்மலிலிருந்து வந்த இளைஞர்களில் ஒருவர் உள்ளே விழ, நண்பர் ஒருவர் கயிற்றைக் கட்டி இறங்கி மீட்டார். இந்த நிகழ்ச்சியே 2024இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' என்ற படமாகி 200 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது. உடனே குகைக்குக் கூட்டம் பெருகியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் படத்தின் குகைக் காட்சிகளில் பெரும்பகுதியை எடுத்தது குகையில் அன்று; பெரும்பாவூரில் அமைத்த செட்டில். பயத்தைக் காட்டிக் காசு வாங்குகிறவர்கள் பயத்தைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். பூங்காக்காரர் செய்வதும் அதுதான்: வயிறு கலங்கும், ஆனால் இடுப்பில் வார் இருக்கும். மலைக்கு ஏது வார்? கம்பி வேலியைத் தாண்டிப் படம் பிடிக்கத் துடிக்கும் அண்ணன்மாருக்கு இதை யார் சொல்வது?

எங்கள் போடிக்கு மேலே குரங்கணி இருக்கிறது. 2010இல் வந்த 'மைனா' அங்கே எடுத்த படம். அது நன்றாகவே ஓடியது. "அங்கேயும் ஒரு பூங்கா வந்தால் நம் ஊருக்கு வேலை கிடைக்குமே" என்றாள் எங்களில் ஒருத்தி. அவள் ஆசையில் தவறில்லை. ஆனால் 2018 மார்ச்சில் அந்த மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேற வந்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்கள் படம் பார்த்து வந்தவர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. கோடையில் காய்ந்த புல் எவ்வளவு விரைவில் பற்றும் என்பது வெளியூராருக்கு எப்படித் தெரியும்?

இந்த மலைகளைத் தெரிந்தவர்கள் எங்கள் வீடுகளிலேயே இருக்கிறார்கள். எங்களில் பலருடைய அம்மாக்கள் பொழுது விடியுமுன் தூக்குச்சட்டியோடு ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டங்களுக்குக் காயெடுக்கப் போகிறார்கள். மாலையில் திரும்பும்போது சேலையெல்லாம் ஏல வாசம். மலையைக் காட்டச் சீட்டுப் போட்டு விற்பதானால், முதலில் அவர்களைக் கூப்பிட்டுக் கேட்கட்டும்: எந்த மாதம் எந்தச் சரிவு காயும், எந்தப் பாறை வழுக்கும், எந்தப் பாதையில் மனிதர் போகக் கூடாது என்று. கூலியும் கொடுக்கட்டும்.