என் தம்பியும் 47 குரோமோசோம்களும்

ஆலமரமானாலும் மனிதனானாலும் வாழ்வு தொடங்குவது ஒரே ஒரு செல்லில்தான். அது இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, கோடானுகோடி செல்கள் கொண்ட உடலாக வளர்கிறது. எத்தனை முறை பிரிந்தாலும் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரே பரம்பரைச் செய்தி குறைவின்றிக் கிடைப்பது எப்படி?

அச்செய்தியைச் சுமப்பவை குரோமோசோம்கள். வெங்காய வேரின் நுனியை அசிட்டோகார்மைன் சாயத்தில் ஊறவைத்து நசுக்கி, நுண்ணோக்கியில் பார்த்த தோழியருக்கு அவை நினைவிருக்கும். செந்நிற நூல் துண்டுகளாகத் தெரிந்தவை அவையே. வெங்காயத்துக்கு 16, மனிதருக்கு 46. மனிதருக்கு 48 என்றே முப்பது ஆண்டுகளுக்கு மேல் அறிஞர் நம்பியிருந்தனர். 1956ஆம் ஆண்டில்தான் சுவீடன் நாட்டில் ஆய்வு செய்த ஜியோ, லெவான் ஆகிய இருவரும் 46 என்று சரியாக எண்ணி வெளியிட்டனர்.

உடல் செல் பிரியுமுன் ஒவ்வொரு குரோமோசோமும் தன்னைப் போல் இன்னொன்றை உண்டாக்கிக்கொள்கிறது. பின்னர் அவை செல்லின் நடுவில் வரிசையாக நிற்க, கதிர் இழைகள் இரு பக்கமும் இழுத்துச் சமமாகப் பங்கிடுகின்றன. இதுவே மைட்டாசிஸ். அண்ட செல்லும் விந்தணுவும் உருவாகும்போது நடப்பது மியாசிஸ். இங்கே ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்று மட்டுமே போய்ச் சேர்வதால் 46 என்பது 23 ஆகிறது. தாயின் 23, தந்தையின் 23. சேர்ந்தால் மீண்டும் 46! இப்படிப் பாதியாகாவிட்டால் தலைமுறைதோறும் எண்ணிக்கை இரட்டித்துக்கொண்டே போகுமல்லவா?

சில வேளைகளில் ஒரு ஜோடி பிரியாமலே ஒரே பக்கம் போய்விடுகிறது. 21ஆம் ஜோடி அவ்வாறு சேர்ந்தே போனால், அந்த அண்ட செல்லில் 24 இருக்கும். தந்தையின் 23 வந்து சேர, குழந்தைக்கு 47.

அந்த நாற்பத்தேழுதான் என் தம்பி.

அவனுக்கு ஒன்பது வயது. பேச்சு மெதுவாகத்தான் வரும். கோயிலில் எல்லாரும் சொல்லி முடித்த பின்பு அவனுடைய "ஆமென்" தனியாக, உரக்கக் கேட்கும். தெருவில் எந்தக் கோழி எந்த வீட்டுடையது என்று அவனுக்கு மட்டுமே தெரியும்.

அவன் பிறந்த நாள் முதல் அம்மாவைத் துளைத்த கேள்விகள் பல. "கிரகணத்தன்று வெளியே வந்தாயோ?" "யார் செய்த பாவமோ?" அம்மா பதில் சொல்லமாட்டார். ஞாயிறு பூசையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முடியுமுன்பே தம்பியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்.

இவ்வாண்டு மரபியல் பாடம் படித்த பின், மருத்துவர் முன்பு தந்த சோதனைத் தாளை இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக நின்றன. 21ஆம் இடத்தில் மட்டும் மூன்று. அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து விளக்கினேன். இதற்கு டவுன் சின்ட்ரோம் என்று பெயர். 1866இல் இங்கிலாந்து மருத்துவர் ஜான் லாங்டன் டவுன் இதை விவரித்தார். கூடுதல் குரோமோசோமே காரணம் என்று 1959இல் பிரான்சு நாட்டின் லெஜூன், மார்த் கோத்தியே, துர்ப்பேன் ஆகியோர் வெளியிட்டனர். எல்லா நாடுகளிலும் எல்லா இனத்தாரிடையேயும், ஏறக்குறைய ஆயிரம் பிறப்புக்கு ஒன்றாக இது நிகழ்கிறது. தாயின் வயது கூடக்கூட வாய்ப்பு கூடும். ஆனால் இளந்தாய்மாருக்கும் நேர்கிறது. பெரும்பாலும் அண்ட செல்லிலும், சில வேளை விந்தணுவிலும் நிகழும்.

"நான் சாப்பிட்டது எதுவும் காரணமில்லையா, பாப்பா? பப்பாளி சாப்பிட்டேனே" என்றார் அம்மா. ஒன்பது ஆண்டுகளாக அந்தக் கேள்வி அவர் நெஞ்சில் இருந்திருக்கிறது!

"இல்லையம்மா. அண்ட செல்கள் பிரியத் தொடங்குவது எப்போது தெரியுமா? ஒரு பெண் தன் தாயின் வயிற்றில் சிசுவாக இருக்கும்போதே! தொடங்கிய பிரிவு பாதியில் நின்று, பல ஆண்டுகள் காத்திருந்து, பிறகுதான் தொடர்கிறது. அத்தனை நீண்ட காத்திருப்புக்குப் பின் ஓர் இழை சரியாக இழுக்காமல் போனால் யாரைக் குற்றம் சொல்வது? கிரகணமும் இல்லை, பப்பாளியும் இல்லை, பாவமும் இல்லை" என்றேன்.

அம்மா அந்தத் தாளை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். அடுத்த ஞாயிறு தம்பிக்குப் புதுச்சட்டை போட்டுவிட்டார். பூசை முடிந்ததும் வாசலில் பெண்கள் கூட்டத்தின் நடுவே அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்று பேசினார்.

அன்புத் தோழியரே! 21ஆம் குரோமோசோம் மூன்றாக இருப்பதைக் குறித்தே, மூன்றாம் மாதமான மார்ச் 21ஆம் நாளை 2012 முதல் ஐக்கிய நாடுகள் சபை உலக டவுன் சின்ட்ரோம் நாளாகக் கடைப்பிடிக்கிறது. தேர்வுக்காக மட்டும் நாம் மரபியல் படிக்கவில்லை. உங்கள் தெருவிலும் இப்படி ஒரு குழந்தை இருக்கலாம். அதன் தாயிடம் காரணம் கேட்காதீர்கள். குழந்தையிடம் பெயரைக் கேளுங்கள். பதில் வரச் சற்று நேரமாகும். பொறுத்திருந்து கேளுங்கள்.